சென்னை நகர ரயில்கள்: பெட்டியின் அளவுகள் எழுதிய வரலாறு

சென்னையில் இன்று பயணிகள் ரயில்கள் இரண்டு வெவ்வேறு அகலத் தண்டவாளங்களில் ஓடுகின்றன. புறநகர் மின்சார ரயிலுக்கும் பறக்கும் ரயிலுக்கும் 1,676 மி.மீ. அகலப் பாதை; மெட்ரோவுக்கு 1,435 மி.மீ. பாதை. 2004 வரை மூன்றாவதாக 1,000 மி.மீ. மீட்டர் கேஜும் இருந்தது. கிண்டியிலோ எழும்பூரிலோ ஒரு வண்டியிலிருந்து இறங்கி, படி ஏறி, இன்னொரு பயணச்சீட்டு எடுத்து, வேறு வண்டியில் ஏறுகிறோமே, அந்த நடையின் வேர் இந்த எண்களில்தான் இருக்கிறது. ஒரு நகரத்தின் ரயில் எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும், எந்த வளைவில் திரும்பும், முதியவர் ஒருவர் கைப்பிடி இல்லாமல் ஏற முடியுமா என்பதையெல்லாம் பெட்டியின் அகலம், தரையின் உயரம், கதவின் அமைப்பு, மேலே ஓடும் கம்பியின் மின்னழுத்தம் ஆகிய சில அளவுகள் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன. பெட்டிகள் தேய்ந்து பழைய இரும்புக்குப் போன பிறகும் அந்த அளவுகள் நடைமேடையிலும் சுரங்கத்திலும் தூண்களிலும் நிலைத்து நிற்கின்றன.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை சென்றது. அது அகலப் பாதை. 1870 வாக்கில், மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்த காலத்தில், செலவைக் குறைக்க மீட்டர் கேஜ் வந்தது. சிறிய பெட்டி, இலகுவான தண்டவாளம், குறுகலான பாலம், கூர்மையான வளைவு என்று எல்லாவற்றிலும் மிச்சம் பிடிக்கலாம் என்பது கணக்கு. அதன் விளைவு சென்னையை இரண்டாகப் பிரித்தது. வடக்கும் மேற்கும் போகும் அகலப் பாதைக்கு சென்ட்ரல். தெற்கே விழுப்புரம், திருச்சி, தனுஷ்கோடி போகும் மீட்டர் கேஜுக்கு, 1908இல் திறக்கப்பட்ட எழும்பூர். இரண்டையும் நடத்தியவை வேறு வேறு கம்பெனிகள். சென்ட்ரலுக்கு எதிரே பூங்கா நிலையம் தனியாக நிற்பதும், மூட்டை முடிச்சோடு சாலையைக் கடந்து போகவேண்டியிருந்ததும் இதனால்தான். அடுத்த நூறாண்டு நகரப் போக்குவரத்து முழுக்க இந்தப் பிளவின் மேல்தான் கட்டப்பட்டது.

தெருவில் ஓடிய டிராம் இதில் சேராது. அதன் கதை சுருக்கமானது. 1895 மே 7 அன்று சென்னையில் இந்தியாவின் முதல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. முதலில் மின்சாரம் தரைக்கடியில் இருந்த குழாய்த் தடத்திலிருந்து எடுக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழையில் தெரு நிறையத் தண்ணீர் நிற்கும் ஊருக்கு அந்த ஏற்பாடு ஒத்துவரவில்லை, மேல்கம்பிக்கு மாற வேண்டியதாயிற்று. சாலையை எல்லோரோடும் பங்குபோட்ட டிராம் பேருந்தோடு போட்டிபோட முடியாமல் 1953 ஏப்ரலில் நின்றது. தனக்கென்று தனிப்பாதை இல்லாத வண்டி நகரம் பெருத்தால் முதலில் திணறும் என்பதை டிராம் காட்டிவிட்டுப் போனது.

தனிப்பாதை கிடைத்தது 1931இல். தென்னிந்திய ரயில்வே, கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை சுமார் 29 கி.மீ. மீட்டர் கேஜ் பாதையை 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் மின்மயமாக்கியது. ஏப்ரல் 2 அன்று அன்றைய ஆளுநர் ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டான்லி தொடங்கி வைத்தார். மே 11 முதல் பொதுமக்களுக்குச் சேவை. பம்பாயில் 1925 பிப்ரவரி 3 அன்று முதல் மின்சார ரயில் ஓடி ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மீட்டர் கேஜில் மின்சாரத் தொடர்வண்டி ஓடியது இந்தியாவில் இங்கேதான் முதலில்.

நீராவி எஞ்சின் வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பாதையில் மின்சாரம் எதற்கு? புகை ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் கிளம்பும் வேகம். இன்று அந்தப் பாதையில் 18 நிலையங்கள், சராசரியாக 1.7 கி.மீ.க்கு ஒரு நிறுத்தம். உச்ச வேகம் மணிக்கு 72 கி.மீ., அதாவது நொடிக்கு 20 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடலாம். எஞ்சின் இழுக்கும் வண்டியின் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 0.2 மீட்டர் வீதம் கூடினால் உச்சத்தைத் தொட 100 நொடி, ஒரு கிலோமீட்டர் ஆகும். மின்சாரத் தொடர்வண்டிக்கு 0.5 வீதம் கூடினால் 40 நொடி, 400 மீட்டர் போதும். பிரேக்குக்கு இரண்டுக்கும் ஒரே 29 நொடி என்று கொண்டால், அடுத்த நிலையம் சேர ஒன்றுக்கு 150 நொடி, மற்றதற்கு 120. முப்பது நொடி சிறிதுதான். பதினேழு இடைவெளிக்கும் சேர்த்தால் எட்டரை நிமிடம். உச்ச வேகத்தைக் கூட்டி இந்த எட்டரை நிமிடத்தைச் சம்பாதிக்க முடியாது. நிலையங்கள் அவ்வளவு நெருக்கம்.

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்றால், இழுவிசை தொடர் முழுக்கப் பரவியிருப்பதிலிருந்து. எஞ்சின் வண்டியில் முன்னால் இருக்கும் ஒரே வாகனத்தின் சக்கரங்கள்தான் தண்டவாளத்தைப் பற்றி இழுக்கின்றன. அளவுக்கு மீறி முறுக்கினால் சக்கரம் வழுக்கும். மின்சாரத் தொடரில் மோட்டார் பெட்டிகள் நடுநடுவே வரும். இன்றைய புறநகர் வண்டியில் மூன்று பெட்டிக்கு ஒரு மோட்டார் பெட்டி; ஒன்பது பெட்டித் தொடரில் மூன்று, பன்னிரண்டில் நான்கு. எல்லாவற்றையும் முன்னறையிலிருந்து ஒரே கைப்பிடி கட்டுப்படுத்துகிறது. ஒரு மோட்டார் பெட்டி பழுதானாலும் மற்றவை இழுத்துக்கொண்டு வந்துவிடும், வேகம்தான் குறையும். கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டும் வேலையும் இல்லை. ஓட்டுநர் மறுமுனை அறைக்கு நடந்து போனால் போதும். கடற்கரை, தாம்பரம் போன்ற முனைகளில் நடைமேடை சீக்கிரம் காலியாவதற்கு இது பெரிய உதவி.

மின்னழுத்தம் மாறிய கதை

1,500 வோல்ட்டின் எல்லை சீக்கிரமே தெரிந்துவிடும். ஒரு வண்டி கிளம்பும்போது 2,000 கிலோவாட் இழுக்கிறது என்று கொள்வோம். 1,500 வோல்ட்டில் அதற்கு ஏறத்தாழ 1,330 ஆம்பியர் ஓடவேண்டும். அதே சக்திக்கு 25,000 வோல்ட்டில் 80 ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் மின்சாரம் ஆம்பியரின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். கம்பி ஒன்றே என்றால் இழப்பில் கிட்டத்தட்ட 280 மடங்கு வித்தியாசம். ஆகவே நேர்மின்சாரத்துக்குத் தடித்த செம்புக் கம்பி வேண்டும், சில கிலோமீட்டருக்கு ஒரு துணைமின் நிலையம் வேண்டும். 25 கிலோவோல்ட் மாறுமின்சாரத்தில் துணைமின் நிலையங்களைப் பல பத்துக் கிலோமீட்டர் இடைவெளியில் வைக்கலாம். இன்னொரு சிக்கலும் உண்டு: நேர்மின்சாரம் தண்டவாளம் வழியே திரும்பும்போது ஒரு பகுதி மண்ணில் கசிந்து, அருகில் புதைந்திருக்கும் இரும்புக் குழாய்களை அரிக்கும்.

விழுப்புரம் வரை மின்மயமாக்கலை நீட்டியபோது 25 கிலோவோல்ட் வந்தது. 1967இல் கடற்கரை - தாம்பரம் பகுதியும் அதற்கு மாறியது. மும்பை புறநகர் பாதைகள் இதே மாற்றத்தை முழுமையாக முடித்தது 2016இல்தான். சென்னையில் அப்போது வண்டிகளும் பாதையும் குறைவு. அந்தக் குறைந்த அளவிலேயே மாறிக்கொண்டது நல்லதாயிற்று. காலம் தாழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மும்பையே சாட்சி. இருவகை மின்சாரத்திலும் ஓடக்கூடிய பெட்டிகளைக் கட்டி, இரண்டையும் ஆண்டுக்கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பராமரிக்க நேர்ந்தது.

மாறுமின்சாரத்துக்கும் விலை உண்டு. மின்மாற்றியும் மின்திருத்தியும் ஒவ்வொரு மோட்டார் பெட்டியிலும் ஏறவேண்டும், எடை கூடும். உயர் அழுத்தக் கம்பிக்கும் பாலத்தின் அடிப்பகுதிக்கும் நடுவே இடைவெளி அதிகம் தேவை. அடுத்தடுத்த துணைமின் நிலையங்கள் மின்வாரியத்தின் வெவ்வேறு பேஸ்களிலிருந்து எடுப்பதால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் மின்சாரமில்லாத ஒரு சிறு கம்பித்துண்டு இருக்கும். பாதையோரப் பலகையைப் பார்த்ததும் ஓட்டுநர் மின்சாரத்தைத் துண்டித்து, சேர்ந்த வேகத்திலேயே அதைக் கடக்கவேண்டும். அங்கே சிவப்பு சிக்னல் விழுந்து, வண்டியின் பாண்டோகிராஃப் (மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கூரைச் சட்டம்) அந்தத் துண்டின் கீழேயே நின்றுபோனால் அந்த மோட்டார் பெட்டிக்கு மின்சாரமே கிடைக்காது. பாண்டோகிராஃப்கள் தொடர் நெடுகப் பரவியிருப்பதால் மற்ற மோட்டார் பெட்டி இழுத்துவிடும். எஞ்சின் வண்டியாக இருந்தால் பின்னாலிருந்து வேறு எஞ்சின் வந்து தள்ளவேண்டியதுதான்.

பெரம்பூரில் கட்டிய பெட்டி

நகரப் பாதைகளின் கதை பெரம்பூர் வழியாகத்தான் போகவேண்டும். ஜூரிக் அருகே ஷ்லீரனில் இருந்த சுவிஸ் நிறுவனத்தோடு 1949இல் ஒப்பந்தம் போட்டு உருவான இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை, நம் வாயில் ஐ.சி.எஃப்., 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்து வைத்தார். அதற்கு முன் ஓடிய பெட்டிகளில் பெரும்பாலானவை எஃகு அடிச்சட்டத்தின் மேல் மரக்கூடு வைத்தவை. மோதினால் ஒரு பெட்டியின் கனமான அடிச்சட்டம் மேலெழுந்து அடுத்த பெட்டியின் மரக்கூட்டை வாரிக்கொண்டு உள்ளே புகும். சாவு எண்ணிக்கை கூடியது இதனால்தான். சுவிஸ் வடிவமைப்பில் தரை, பக்கச்சுவர், கூரை, முனைச்சுவர் எல்லாமே பற்றவைத்த ஒரே எஃகுக் குழல். முனைப்பகுதி முதலில் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். பயணிகள் அமரும் நடுப்பகுதி கடைசிவரை குலையாது.

அந்தப் பெட்டியின் நீளம் 21.34 மீட்டர், அகலம் சுமார் 3.25 மீட்டர், இரண்டு போகிகளின், அதாவது பெட்டியைத் தாங்கும் சக்கரச் சட்டங்களின், மையங்களுக்கு இடையே 14.78 மீட்டர். இந்த எண்களை யாரும் மனம்போன போக்கில் வைக்கவில்லை. வளைவில் நிற்கும் நீளமான பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கம் ஒதுங்கும், முனைகள் வெளியே துருத்தும். நடுப்பகுதி ஒதுங்கும் அளவைக் காண, போகி மையத் தூரத்தை அதே எண்ணால் பெருக்கி, வளைவு ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்கவேண்டும். அகலப் பாதையில் அனுமதிக்கப்பட்ட மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். 14.78ஐ இருமடியாக்கினால் 218. 1,400ஆல் வகுத்தால் 15.6 செ.மீ. வளைவான நடைமேடையில் பெட்டிக்கும் விளிம்புக்கும் நடுவே காலை விழுங்கும் அளவுக்கு இடைவெளி ஏன் விடுகிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம். பெட்டியை இன்னும் நீட்டினால் அகலத்தைக் குறைத்தாகவேண்டும், அல்லது நேரான பாதையை மட்டும் நம்பவேண்டும்.

ஐ.சி.எஃப். பெட்டியின் சவாரித் தரம் முழுக்க அதன் போகியில் இருக்கிறது. நான்கு சக்கரங்கள், புதிதாக இருக்கும்போது 915 மி.மீ. விட்டம்; கடைந்து கடைந்து 825 மி.மீ.க்கு வந்தால் கழித்துவிடவேண்டும். பெட்டியின் எடை நடுவிலுள்ள மைய முளையில் இறங்குவதில்லை. இரு பக்கமும் 1,600 மி.மீ. இடைவெளியில் எண்ணெய்த் தொட்டிக்குள் இருக்கும் தாங்கிகள் வழியாக இறங்கி, அடுத்த கட்டச் சுருள்வில்களுக்குப் போகிறது. மைய முளையின் வேலை இழுப்பையும் பிரேக் விசையையும் கடத்துவது மட்டும். அடுத்து, சக்கர அச்சின் முனையைத் தாங்கும் அச்சுப் பெட்டிக்கு மேலேயுள்ள முதல்நிலைச் சுருள்வில்கள். இவற்றுக்குள் நிற்கும் வழிகாட்டித் தூண் எண்ணெய் நிரம்பிய குழலுக்குள் மேலும் கீழும் போய்வரும். துளை வழியே எண்ணெய் பிதுங்கும் தடைதான் அதிர்வைத் தணிக்கிறது. ஒரு வழிகாட்டிக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் எண்ணெய். அடிமூடிக்கு மேல் 40 மி.மீ. மட்டம் இருக்கவேண்டும் என்பது விதி.

கெடுவதும் இங்கேதான். ரப்பர் வளையம் தேய்ந்து எண்ணெய் கசியத் தொடங்கினால் வெளியே தெரியும் அடையாளம் ஒன்றே: அச்சுப் பெட்டிமேல் ஈரமான கருந்தூசி. கவனிக்காமல் விட்டால் தணிப்பு போய்விடும், பெட்டி குதிக்கும், வழிகாட்டியின் புதைகுழல் ஒருபக்கமாகத் தேயும், கடைசியில் சுருள்வில் முறியும். ஆகவே ஒவ்வொரு பராமரிப்பிலும் முளைத்திருகைக் கழற்றி மட்டம் பார்த்து எண்ணெய் ஊற்றவேண்டும். பெரிய பராமரிப்பில் பெட்டியைத் தூக்கி, போகியைப் பிரித்து, வில்களைக் கழுவி, குறிப்பிட்ட சுமையில் அழுத்தி அவற்றின் உயரத்தை அளந்து, ஒரே பிரிவில் சேரும் வில்களை மட்டுமே ஒரு போகியில் பொருத்துவார்கள். உயரம் கலந்துவிட்டால் நான்கு சக்கரத்துக்கும் எடை சமமாகப் போகாது. எடை குறைந்த சக்கரம் வளைவில் தண்டவாளத்தின் மேல் ஏறப் பார்க்கும். அரிப்பு வேறு. கழிவறையை ஒட்டிய தரைத்தகடும் பக்கவாட்டு அடிச்சட்டமும் தண்ணீர் பட்டுப்பட்டு முதலில் உளுத்துப் போகும். நீளமான அந்த எஃகுக் குழல் வலுவாக நிற்பது அந்தச் சட்டத்தை நம்பித்தான். ஆகையால் அந்த இடத்தைச் சுரண்டிப் பார்க்காமல் பெயின்ட் அடிப்பது பெரிய குற்றம்.

இதே தொழிற்சாலை மீட்டர் கேஜ் மின்சாரப் பெட்டிகளையும் அகலப் பாதை மின்சாரப் பெட்டிகளையும் கட்டியது. 1984 அக்டோபர் 24 அன்று திறக்கப்பட்ட கல்கத்தா மெட்ரோவின் முதல் பெட்டிகளும் பெரம்பூரில் உருவானவைதான். மூன்றாவது தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் எடுக்கும், சுரங்கத்துக்கென்ற பெட்டியை ஒரு நீண்டதூரப் பெட்டித் தொழிற்சாலை கட்டிக் கொடுத்தது சாதாரண விஷயம் இல்லை. பழைய ஐ.சி.எஃப். வடிவமைப்பில் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில் வெளிவந்தது. அதன் இடத்துக்கு ஜெர்மனியின் லிங்கே-ஹோஃப்மன்-புஷ் வடிவமைப்பு வந்தது: 23.54 மீட்டர் நீளம், துருப்பிடிக்காத எஃகுச் சுவர், சக்கரத்தின் ஓரத்தைத் தேய்க்காத டிஸ்க் பிரேக், விபத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறவிடாத நடு இணைப்பி. நீளம் கூடியதால் 24 பெட்டி நின்ற நடைமேடையில் 22 பெட்டிதான் நிற்கும். நடு இணைப்பியில் இருந்த சிறு தளர்ச்சியால் கிளம்பும்போதும் நிற்கும்போதும் முதுகில் இடிக்கும் உதறல் பல ஆண்டுகள் பயணிகளை வாட்டியது. இருபக்கமும் சமமாக அழுத்தம் கொடுக்கும் அதிர்வு தாங்கியைப் பொருத்தித்தான் அதைக் குறைத்தார்கள்.

மீட்டர் கேஜ் போனபின்

வடக்கு, மேற்குப் புறநகர்களுக்கு அகலப் பாதையில் மின்சார வண்டிகள் 1979இல் ஓடத் தொடங்கின. ஆகவே நகரத்துக்குள் இரண்டு வகைப் பெட்டி, இரண்டு பணிமனை, ஒன்றுக்கொன்று உதவாத உதிரிப் பாகங்கள். தாம்பரம் பாதையில் கூட்டம் நெரியும்போது ஆவடிப் பணிமனையில் நிற்கும் வண்டியைக் கொண்டுவர வழியில்லை. மீட்டர் கேஜ் பெட்டியின் அகலம் ஏறத்தாழ 2.74 மீட்டர், அகலப் பாதை மின்சாரப் பெட்டி 3.66 மீட்டர். ஒவ்வொரு பெட்டியிலும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம். அதற்காக மட்டுமே பாதையை மாற்றலாம்.

மாற்றுவது எளிதாக இல்லை. மீட்டர் கேஜில் இரண்டு பாதைகளின் மையங்களுக்கு நடுவே நான்கு மீட்டருக்குக் குறைவாக இருந்தால் போதும். அகலப் பாதைக்குக் குறைந்தது 4.7 மீட்டர் வேண்டும். தண்டவாளத்தை 676 மி.மீ. நகர்த்தினால் வேலை முடிந்தது என்று எண்ணக்கூடாது. ஸ்லீப்பர் கட்டைகள், திருப்புச் சந்திகள், நடைமேடை விளிம்பு, கம்பித் தூண்கள், பாலத்தின் அகலம் எல்லாமே மாறவேண்டும், அதுவும் தினமும் லட்சக்கணக்கானோர் பயணிக்கும் பாதையில், வண்டியை நிறுத்தாமல். அதனால் ஒவ்வொரு பாதையாக மாற்றினார்கள். ஒரே நிலையத்தில் சில நடைமேடைகளில் மீட்டர் கேஜும் சிலவற்றில் அகலப் பாதையும் சில ஆண்டுகள் ஓடின. 2004 ஜூலை 1 அன்று கடைசி மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓய்ந்தது.

இங்கே ஒரு அளவை நின்று பார்க்கவேண்டும். அகலப் பாதையில் நடைமேடை விளிம்பு பாதையின் மையத்திலிருந்து ஏறத்தாழ 1,675 மி.மீ. தூரத்தில் இருக்கும். 3.25 மீட்டர் அகலமுள்ள விரைவு வண்டிப் பெட்டியின் பாதி அகலம் 1,625 மி.மீ.; ஐந்து செ.மீ. இடைவெளி. 3.66 மீட்டர் மின்சாரப் பெட்டியின் பாதி 1,830 மி.மீ. அதாவது பெட்டியின் உடல் நடைமேடைக்கு மேலே 15 செ.மீ. நீண்டு நிற்கிறது. அது சாத்தியமாவது, பெட்டியின் தரை சுமார் 1.2 மீட்டர் உயரத்திலும் நடைமேடை அதிகபட்சம் 84 செ.மீ. உயரத்திலும் இருப்பதால். நடைமேடையைத் தரைமட்டத்துக்கு உயர்த்தினால் பெட்டி இடிக்கும். ஆகவே ஏறும்போது 36 செ.மீ. படி தவிர்க்க முடியாததாகிவிடுகிறது. சக்கர நாற்காலியில் வருபவர், கர்ப்பிணி, மூட்டு வலியோடு வரும் மூதாட்டி என்று எல்லோரும் தினமும் இந்த அளவுக்கு விலை கொடுக்கிறார்கள். கூடுதல் கூட்டத்தை ஏற்ற அகலத்தைக் கூட்டியவர்கள் ஏறுவதைக் கடினமாக்கிவிட்டார்கள். இது யாரும் பேசாத, ஆனால் பேசவேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன்.

அகலத்தின் இன்னொரு விளைவு உயிரையே எடுத்தது. 2018 ஜூலை 24 காலை, மேல்கம்பி அறுந்ததால் ஒரு புறநகர் வண்டி விரைவு வண்டிகள் செல்லும் பாதைக்குத் திருப்பி விடப்பட்டது. பரங்கிமலை நிலையத்தில் அந்தப் பாதையை ஒட்டிய கான்கிரீட் சுவரில், படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் மோதி இறந்தார்கள். விரைவுப் பெட்டியைவிட மின்சாரப் பெட்டி ஒவ்வொரு பக்கமும் 20 செ.மீ. அகலம் கூடியது, கதவு மூடாது, உள்ளே நிற்க இடமில்லை. படியில் தொங்காதீர்கள் என்ற அறிவிப்பு மட்டும் இதற்குப் பதில் ஆகாது. வழக்கமாக ஓடாத பாதையில் கூட்டமான வண்டியை விடும்போது வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடும், அந்தப் பாதையோரக் கட்டுமானங்களை மின்சாரப் பெட்டியின் அகலத்துக்கு அளந்து பார்ப்பதும் வேண்டும்.

பறக்கும் ரயில் அதே அகலப் பாதை மின்சாரப் பெட்டியை எடுத்துக்கொண்டு தூண்மேல் ஏறியது. 1995 நவம்பரில் கடற்கரை - சேப்பாக்கம், 1997இல் திருமயிலை, 2007 நவம்பரில் வேளச்சேரி. மொத்தம் 19 கி.மீ.க்குக் கொஞ்சம் அதிகம். நிலம் எடுக்கும் தொல்லையைத் தவிர்க்க, பாதையின் பெரும்பகுதி பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டுக் கட்டப்பட்டது. கால்வாயின் நீரோட்டம் அதற்கு விலை கொடுத்தது. கனமான பெட்டி, நீளமான தொடர் என்பதால் நிலையங்கள் மிகப் பெரியவையாகக் கட்டப்பட்டு, பல தளங்கள் ஆளில்லாமல் கிடந்தன. பேருந்து நிறுத்தத்திலிருந்து நிலைய வாசலுக்கு நல்ல நடைபாதைகூட இல்லாத இடங்கள் பல. எதிர்பார்த்த கூட்டம் வராமல் போனதற்குப் பெட்டியைக் குறைசொல்ல முடியாது. வேளச்சேரி - பரங்கிமலை ஐந்து கிலோமீட்டர் இணைப்பின் பணி 2008இல் தொடங்கியது. ஆதம்பாக்கம் பக்கம் கடைசி அரை கிலோமீட்டருக்கான நிலம் வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் நின்றது. அந்த இணைப்பில்லாமல் தென்சென்னையின் பறக்கும் ரயில் ஒரு முனையில் முட்டி நின்ற பாதையாகவே இருந்தது.

மெட்ரோ வேறு அளவில் சிந்தித்தது. டெல்லி மெட்ரோவின் முதல் பாதைகள் 2002இல் அகலப் பாதையில் தொடங்கின; டெல்லி மெட்ரோவுக்குத் தலைமை வகித்த ஸ்ரீதரன் போன்ற பொறியாளர்கள் 1,435 மி.மீ. பாதையை வலியுறுத்தியதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. உலகச் சந்தையில் பெட்டியும் போகியும் இந்த அளவுக்கே செய்யப்படுகின்றன. 120 மீட்டர் ஆர வளைவில்கூடத் திரும்பலாம், 175 மீட்டர் தேடி வீடுகளை இடிக்கவேண்டாம். சென்னை தொடக்கத்திலிருந்தே இந்த அளவைத் தேர்ந்தது. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு - ஆலந்தூர் 10 கி.மீ. திறந்தது. பெட்டிகளை அல்ஸ்டாம் கொடுத்தது: நான்கு பெட்டி கொண்ட 42 தொடர்கள், 2.9 மீட்டர் அகலம், ஒரு தொடரில் 1,276 பேர். சுரங்கத்தின் உள் விட்டம் 5.8 மீட்டர், அதை 3.66 மீட்டர் புறநகர்ப் பெட்டிக்காகக் கட்டவில்லை. ஆனால் மெட்ரோ நடைமேடையும் பெட்டியின் தரையும் ஒரே மட்டம். சுரங்க நிலையங்களில் நடைமேடை விளிம்பில் கண்ணாடிக் கதவு உண்டு. கதவு மூடாமல் வண்டி நகராது. 36 செ.மீ. படி என்ற தொல்லை இங்கே அறவே இல்லை.

இழப்பும் இருக்கிறது. மெட்ரோப் பெட்டி புறநகர்ப் பாதையில் ஓடாது, புறநகர்ப் பெட்டி மெட்ரோவில் ஓடாது. டோக்கியோ போன்ற நகரங்களில் புறநகர் வண்டி நேராகச் சுரங்கத்துக்குள் நுழைந்து ஊரின் மறுபக்கம் வெளிவருவதுபோல், செங்கல்பட்டில் ஏறியவர் இறங்காமல் அண்ணா சாலைக்கு வர இங்கே வழியில்லை. தண்டவாள அகலம் வேறான பிறகு மிச்சமிருப்பது நிலையத்துக்குள் நடக்கும் தூரம்தான். சென்ட்ரல், எழும்பூர், கிண்டி, பரங்கிமலையில் அந்த நடையை மழை படாமல், படி குறைவாக, ஒரே சீட்டில் முடியச் செய்வதற்குச் செலவிடும் பணம், புதிய கிலோமீட்டர்களுக்குச் செலவிடும் பணத்தைவிடக் கூடுதல் பயணிகளைக் கொண்டுவரும் என்றே தோன்றுகிறது.

2025 ஏப்ரலில் கடற்கரை - செங்கல்பட்டு பாதையில் பன்னிரண்டு பெட்டி குளிர்சாதன மின்சார ரயில் ஓடத் தொடங்கியது, ஐ.சி.எஃப்.இல் கட்டியது. தானாக மூடும் கதவு இந்தப் பாதைக்கு இதுவே முதல் தடவை. படியில் தொங்கும் சாவுக்கு இது நேரடி மருந்து. ஆனால் கதவு மூடும் நேரம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சேரும். கூட்ட நேரத்தில் ஒருவர் கால் நடுவில் மாட்டினால் கதவு மறுபடி திறந்து மூடவேண்டும். நிறுத்தத்துக்குப் பத்து நொடி கூடினாலும் தாம்பரம் வரையிலான பதினாறு இடைநிறுத்தங்களுக்கும் சேர்த்து கிட்டத்தட்ட இரண்டே முக்கால் நிமிடம். ஒரே பாதையில் திறந்த கதவு வண்டியும் மூடும் கதவு வண்டியும் மாறி மாறி ஓடும்போது, பின்னால் வரும் வண்டிதான் அந்த நிமிடங்களைச் சுமக்கும். எல்லாத் தொடர்களுக்கும் மூடும் கதவு வரும்வரை காலஅட்டவணை போடுகிறவர்கள் இந்த இடைவெளியை முன்கூட்டியே விட்டு வைக்கவேண்டும்.